முதல் படிகம் கைக்கு வரும் வரை: நைட்ரஜன் வளைய ஈனிகளும் உலோக அணைவுச் சேர்மங்களும்

அணைவுச் சேர்மம், அதாவது ஓர் உலோக அயனியைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்த சேர்மம், செய்வது ஒரு மதிய நேர வேலை. அதிலிருந்து ஒரு நல்ல படிகம் எடுக்க மூன்று நாளும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். புதிதாக வருகிறவர்கள் முதல் வேலைக்கு விழுந்து விழுந்து தயாராகிறார்கள். இரண்டாவதை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் கரைசலைக் கலப்பதைக் கொஞ்சம் வேகமாகவே கடந்து போகிறேன். படிகம் வளர்ப்பதிலும், வந்த படிகத்தைச் சந்தேகப்படுவதிலும்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

ஈனியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஈனி என்பது எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்து உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயனி. ஆனால் நைட்ரஜன் உள்ள எல்லா வளையமும் உலோகத்தைப் பிடித்துவிடாது. பிரிடினில் நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இரட்டை வளையத்தின் தளத்திலேயே வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறது, உலோகத்துக்குக் கொடுக்கத் தயாராக. பிரோலில் அதே இரட்டை வளையத்தின் அரோமேட்டிக் வட்டத்துக்குள் போய்விட்டது. அது எளிதில் வெளியே வராது. இமிடசோல் சுவாரசியமானது, ஏனென்றால் ஒரே வளையத்தில் இரண்டு வகையும் உண்டு. ஒரு நைட்ரஜன் உலோகத்தைப் பிடிக்கும். இன்னொன்று ஹைட்ரஜனைச் சுமந்துகொண்டு பக்கத்துக் குளோரைடோடோ நைட்ரேட்டோடோ ஹைட்ரஜன் பிணைப்பு போடும். காரம் சேர்த்து அந்த ஹைட்ரஜனையும் பிடுங்கிவிட்டால் இரண்டு நைட்ரஜனும் ஆளுக்கொரு உலோகத்தைப் பிடித்துப் பாலமாகிவிடும். 2-மெத்தில் இமிடசோலும் ஜிங்க்கும் சேர்ந்து உருவாகும் ஜிஃப்-8 என்ற நுண்துளைப் பொருள் இப்படி வந்ததுதான். அதில் ஜிங்க், இமிடசோலேட், ஜிங்க் சேரும் கோணம் சுமார் 145 டிகிரி. ஜியோலைட்டில் சிலிக்கான், ஆக்சிஜன், சிலிக்கான் சேரும் கோணமும் கிட்டத்தட்ட அதுவே. கூண்டு ஜியோலைட் மாதிரியே அமைவதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் கொடுக்கு ஈனிகள், அதாவது ஒரே உலோகத்தை இரண்டு இடத்தில் நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்வுபவை. 2,2'-பைபிரிடின் தனியாக இருக்கும்போது அதன் இரண்டு நைட்ரஜனும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கின்றன. உலோகம் வந்ததும் ஒரு வளையம் திரும்பி, இரண்டும் ஒரே பக்கம் வந்து கவ்வுகின்றன. 1,10-பீனாந்த்ரோலினுக்கு அந்த வேலை இல்லை, நடு வளையம் இரண்டையும் ஏற்கெனவே ஒரே பக்கம் பூட்டி வைத்திருக்கிறது. 4,4'-பைபிரிடின் பெயரில் சொந்தக்காரன், குணத்தில் வேறு ஆள். அதன் நைட்ரஜன்கள் இரு முனைகளில், சுமார் 7 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கின்றன. ஒரே உலோகத்தைக் கவ்வவே முடியாது. இரண்டு உலோகங்களைச் சுமார் 11 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிறுத்திச் சங்கிலியாகவும் வலையாகவும் கட்டும். கரைசலில் ஊற்றிய மறுநொடியே கரையாத தூளாக விழும் என்பதால் முதல் முயற்சிக்கு இது வேண்டாம். 2,2'-பைபிரிடினோ பீனாந்த்ரோலினோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த நைட்ரஜன்கள் உலோகத்துக்காக மட்டும் காத்திருப்பவை அல்ல, புரோட்டானையும் பிடிக்கும். புரோட்டானைப் பிடித்த இமிடசோலியத்தின் பி.கே.ஏ. (அமில வலிமையின் அளவு) சுமார் 7, பிரிடினியத்துக்குச் சுமார் 5.2. கரைசல் அமிலமாக இருந்தால் ஈனியின் உப்பு படிகமாகி, உலோகம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கும். காரமாக இருந்தால் உலோகம் ஹைட்ராக்சைடாக விழுந்துவிடும்.

உலோகமும் எதிர் அயனியும்

தொடக்கத்துக்கு நிறமுள்ள உலோகம் நல்லது. நிறம் காசில்லாத கருவி. கோபால்ட்(II) விஷயத்தில் நீலம் என்றால் பெரும்பாலும் நான்முகி (உலோகத்தைச் சுற்றி நான்கு பிணைப்பு), இளஞ்சிவப்பு என்றால் எண்முகி (ஆறு பிணைப்பு). இதைக் கண்ணாலேயே பார்க்கக் கோபால்ட் குளோரைடையும் பிரிடினையும் 1:2 விகிதத்தில் சேர்த்துப் பாருங்கள். ஊதா நிறச் சேர்மம் கிடைக்கும். அதில் ஒவ்வொரு கோபால்ட்டும் இரண்டு பிரிடினையும் நான்கு குளோரைடுகளையும் பிடித்திருக்கிறது. குளோரைடுகள் பக்கத்துக் கோபால்ட்டோடு பகிரப்பட்டவை, அதனால் முழுக்க ஒரு சங்கிலி. அதைச் சூடாக்கினால் நீலமாகிறது. சங்கிலி அறுந்து, இரண்டு பிரிடினும் இரண்டு குளோரைடும் மட்டும் கொண்ட தனித்தனி நான்முகி மூலக்கூறுகள் ஆகிவிட்டன. சூத்திரம் இரண்டுக்கும் ஒன்றே. தனிமப் பகுப்பாய்வு இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். படிக அமைப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

ஜிங்க்குக்கு நிறம் கிடையாது. கிடைத்தது அணைவுச் சேர்மமா வெறும் ஈனியா என்று கண் சொல்லாது. இதில் நான் ஏமாந்த கதை பின்னால் வருகிறது.

உலோகத்தின் மின்சுமையைச் சமன்செய்யும் எதிர் அயனியைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். குளோரைடும் அசிட்டேட்டும் தயோசயனேட்டும் சும்மா இருக்காது, உலோகத்தோடு தாங்களும் பிணையும். நைட்ரேட் சில நேரம் பிணையும், சில நேரம் பிணையாது. ஈனி மட்டுமே உலோகத்தைச் சுற்றி இருக்க வேண்டுமென்றால் டெட்ராஃபுளூரோபோரேட் அல்லது ஹெக்ஸாஃபுளூரோபாஸ்பேட் எடுக்கலாம். ஆனால் இவை ஈரத்தில் சூடானால் சிதைந்து ஃபுளூரைடைத் தரும். எதிர்பாராமல் ஃபுளூரைடு பாலம் போட்ட சேர்மம் வந்து நிற்கும். பெர்குளோரேட் அழகான படிகம் தரும், அதனால் பழைய ஆய்வுகள் முழுக்க அதுதான். கரிம ஈனியும் பெர்குளோரேட்டும் சேர்ந்த காய்ந்த திண்மம் சூட்டிலோ உரசலிலோ வெடிக்கக்கூடியது. புதியவர்கள் தொடவே வேண்டாம். அதேபோல அசைடு இருக்கும் கரைசலில் டைகுளோரோமீத்தேன் சேர்க்கக் கூடாது. இரண்டும் வினைபுரிந்து வெடிக்கும் பொருள் உண்டாகும்.

கலப்பது

காப்பர் குளோரைடு இருநீரேறி 170 மி.கி., 2,2'-பைபிரிடின் 156 மி.கி. இரண்டும் தலா 1 மில்லிமோல். ஒவ்வொன்றையும் 10 மி.லி. எத்தனாலில் தனித்தனியாகக் கரையுங்கள். முதலாவது பச்சைக் கரைசல், இரண்டாவது நிறமற்றது. ஈனிக் கரைசலைக் கலக்கிக்கொண்டே காப்பர் கரைசலில் ஊற்றினால் சில நொடிகளில் பச்சை வீழ்படிவு வரும். வடிகட்டி, கொஞ்சம் குளிர்ந்த எத்தனாலில் கழுவி, காற்றில் உலர்த்துங்கள்.

மைதா மாதிரி தூள்தான் கிடைக்கும். மனம் தளர வேண்டாம், தூக்கியும் போட வேண்டாம். ஒரு குப்பியில் போட்டு, தேதியும் விகிதமும் எழுதி வையுங்கள். கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

விகிதத்தை மாற்றினால் சேர்மம் மாறும். ஒரு காப்பருக்கு இரண்டு பைபிரிடின் என்றால் நிறம் பெரும்பாலும் நீலப் பக்கம் போகும். ஆனால் விகிதம் எப்போதும் நம் பேச்சைக் கேட்காது. இரும்பு(II) உப்பில் ஒரே ஒரு பங்கு பீனாந்த்ரோலின் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று வரும் என்று எதிர்பார்ப்போம். வருவதோ, 510 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் அந்த அடர் சிவப்பு, அதாவது மூன்று பீனாந்த்ரோலின் சூழ்ந்த இரும்பு. மூன்றாவது ஈனி சேரும்போது இரும்பு குறைந்த தற்சுழற்சி நிலைக்கு (எலக்ட்ரான்கள் முடிந்தவரை ஜோடி சேரும் நிலைக்கு) மாறி, நிலைப்பு ஒரேயடியாகக் கூடிவிடுகிறது. அதனால் இருக்கிற ஈனியெல்லாம் மூன்றில் ஒரு பங்கு இரும்பிடம் போய்ச் சேர்ந்துவிடும், மீதி இரும்பு வெறுங்கையோடு நிற்கும்.

படிகம் வளர்ப்பது

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். தூள் ஏன் வந்தது? கரைசல் ஒரே நொடியில் அளவுக்கு மீறித் தெவிட்டிவிட்டது. கோடிக்கணக்கில் படிகக் கருக்கள் ஒரே நேரத்தில் பிறந்து, இருந்த பொருளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொண்டன. நமக்கு வேண்டியது சில கருக்கள், அவை நிதானமாகச் சாப்பிட்டு வளர்வது. இனி சொல்லும் எல்லா முறையும் தெவிட்டலை மெதுவாக்கும் வித்தைகள்தான்.

மேலே சொன்ன காப்பர் சேர்மத்துக்கு அடுக்கு முறை பொருத்தம். நீளமான ஒரு மெல்லிய சோதனைக் குழாய் எடுங்கள். பைபிரிடின் 8 மி.கி. அளவுக்கு 3 மி.லி. டைகுளோரோமீத்தேனில் கரைத்து அடியில் விடுங்கள். அதன் மேல் டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் பாதிப் பாதி கலந்த வெறும் கரைப்பான் 2 மி.லி. அதற்கும் மேலே காப்பர் குளோரைடு 8.5 மி.கி. கரைந்த மெத்தனால் 3 மி.லி. டைகுளோரோமீத்தேனின் அடர்த்தி 1.33, மெத்தனாலுடையது 0.79, அதனால் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, பிப்பெட்டின் முனையைச் சுவரில் ஒட்டி, துளித் துளியாக இறக்க வேண்டும். கை நடுங்கினால் அடுக்கு கலைந்துவிடும், நான்கைந்து தரம் பழகினால் வந்துவிடும். நடுவில் இருக்கும் வெறும் கரைப்பான் அடுக்கைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். இரண்டு கரைசலும் நேருக்கு நேர் சந்தித்தால் எல்லையிலேயே பச்சைத் தூள் படலம் கட்டிவிடும். மூடி, ஒரு மூலையில் வையுங்கள். சில நாட்களில் நடு அடுக்கை ஒட்டிய சுவரில் பச்சைப் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே கரைசலில் இருக்கும், சுலபமாகக் கரையும் சேர்மங்களுக்கு ஆவி ஊடுருவல் முறை எனக்குப் பிடித்தது. சேர்மத்தை அசிட்டோநைட்ரைலிலோ டைமெத்தில் ஃபார்மமைடிலோ (டி.எம்.எஃப்.) கரைத்து ஒரு சின்னக் குப்பியில் 1 மி.லி. வையுங்கள். அந்தக் குப்பியைத் திறந்தபடியே, டைஎத்தில் ஈதர் ஊற்றிய பெரிய குப்பிக்குள் நிறுத்தி, பெரியதை இறுக்கி மூடுங்கள். ஈதர் ஆவி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கரையும், சேர்மத்தின் கரைதிறன் மெல்லக் குறையும். வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமா, சின்னக் குப்பியின் வாயில் ஓட்டை போட்ட தாளை மூடுங்கள்.

மெதுவாக ஆவியாக விடுவது எல்லோரும் முதலில் செய்வது. செய்யலாம், ஆனால் முழுக்கக் காய விட்டுவிட்டால் கரைசலில் இருந்த எல்லா அழுக்கும் படிகத்தின் மேலேயே படியும். கால் பங்கு கரைப்பான் மிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

கரையவே கரையாத சங்கிலிகளுக்கும் வலைகளுக்கும் டெஃப்ளான் உள்ளுறை வைத்த எஃகுக் கலத்தில் சூடாக்கும் முறை இருக்கிறது. 120 முதல் 160 டிகிரி செல்சியஸ், இரண்டு மூன்று நாள், பிறகு மணிக்கு 5 டிகிரி வீதம் ஆறவிடுவது. கலத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, சூடு முழுக்கத் தணியாமல் திறக்கவும் கூடாது. டி.எம்.எஃப். நீரோடு சேர்ந்து இப்படிச் சூடானால் டைமெத்தில் அமீனும் ஃபார்மிக் அமிலமும் தரும். நீங்கள் போடாத ஃபார்மேட் உங்கள் படிகத்தில் உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

எந்த முறையானாலும், கரைசலைப் பிப்பெட்டில் பஞ்சோ கண்ணாடி இழையோ அடைத்து வடிகட்டியே வையுங்கள். ஒவ்வொரு தூசியும் தேவையில்லாத ஒரு கரு. எல்லாப் பொருளையும் ஒரே குப்பியில் கொட்டாமல் 5 மி.கி. வீதம் பத்துக் குப்பிகளில் பத்து விதமாகக் கரைப்பான் மாற்றி வையுங்கள். அதிர்வு இல்லாத இடமாக இருக்கட்டும். குளிர்பதனப் பெட்டியின் கதவு அந்த இடம் இல்லை. முக்கியமாக, தினமும் எடுத்துத் தூக்கிப் பார்க்காதீர்கள். தூக்காமல் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

நுண்ணோக்கியில்

படிகத்தை அது வளர்ந்த தாய்க்கரைசலோடு சேர்த்தே கொண்டுபோங்கள். வெளியே எடுத்து உலர்த்தினால் உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேறி, பளிங்கு மாதிரி இருந்தது ஐந்து நிமிடத்தில் சுண்ணாம்பாகிவிடலாம். அதனால்தான் எண்ணெய்த் துளியில் போட்டுப் பார்க்கிறோம். முனைவாக்க நுண்ணோக்கியில் தட்டைச் சுழற்றினால் நல்ல ஒற்றைப் படிகம் 90 டிகிரிக்கு ஒருமுறை முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டு, பிறகு வெளிச்சமாகும். பாதி இருண்டு பாதி வெளிச்சமாக இருந்தால் அது ஒட்டிப் பிறந்த இரட்டை. கனசதுர வகைப் படிகம் எப்போதும் இருட்டாகவே இருக்கும், அதைத் தவறாகக் கழித்துவிட வேண்டாம். 0.1 முதல் 0.3 மி.மீ. போதும். பெரிய படிகம் புகைப்படத்துக்கு நல்லது, கருவிக்கு அல்ல.

அலகுக்கூடு முதலில்

எக்ஸ் கதிர்க் கருவியில் முழு அளவீட்டுக்கு ஓர் இரவு ஆகலாம். அலகுக்கூட்டை, அதாவது படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டியை, மட்டும் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கணக்குப் போடுங்கள்: ஹைட்ரஜன் தவிர்த்த ஒவ்வொரு அணுவுக்கும் சுமார் 18 கன ஆங்ஸ்ட்ராம். நம் காப்பர் சேர்மத்தில் பத்து கார்பன், இரண்டு நைட்ரஜன், ஒரு காப்பர், இரண்டு குளோரின், ஆக 15. பதினைந்தைப் பதினெட்டால் பெருக்கினால் 270. கூட்டில் நான்கு அலகுகள் இருந்தால் 1080 பக்கத்தில் வர வேண்டும். பத்து சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம்.

பைபிரிடினில் மட்டும் 12 அணுக்கள், அதாவது 216. இரண்டு மூலக்கூறு என்றால் 430. ஒருமுறை ஜிங்க் குளோரைடோடு வைத்த குழாயில் எனக்குக் கண்ணாடித் துண்டு மாதிரி படிகங்கள் வந்தன. அந்த அழகைப் பார்த்துக் கணக்குப் போடாமலே இரவு முழுக்க அளவீட்டுக்கு விட்டேன். காலையில் அமைப்பைத் தீர்த்தால் இரண்டு வளையம், நடுவில் ஒரு பிணைப்பு, உலோகம் எங்கும் இல்லை. கூட்டின் கன அளவு முந்தின நாள் மாலையே 430-க்குக் கொஞ்சம் கீழே என்று திரையில் இருந்திருக்கிறது.

கூடு சரியாகத் தோன்றினால் கேம்பிரிட்ஜ் படிகத் தரவுத்தளத்தில் அதே கூடு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். 1965-இல் ஆல்கா கென்னார்ட் தொடங்கிய அந்தத் தொகுப்பில் 2019-இலேயே பத்து லட்சம் அமைப்புகள் சேர்ந்துவிட்டன. நீங்கள் புதிது என்று நினைப்பது அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பயிற்சிக்கு அது நல்லதுதான், விடைத்தாள் கையில் இருக்கிறது.

அமைப்பைப் படிப்பது

இப்போதைய மென்பொருளில் அமைப்பைத் தீர்ப்பது பல நேரம் ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. ஷெல்எக்ஸ்டி தீர்க்கும், ஷெல்எக்ஸ்எல் செம்மைப்படுத்தும், ஓலெக்ஸ்2 படமாகக் காட்டும். அளந்ததற்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் ஆர்1 மதிப்பு 5 சதவீதத்துக்குக் கீழே, பொருத்த அளவு 1-க்குப் பக்கத்தில் என்றால் எல்லோரும் கைகுலுக்குவார்கள். எண்கள் நன்றாக இருந்தும் வேதியியல் தப்பாக இருக்கலாம், அதனால் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

கார்பனுக்கு ஆறு எலக்ட்ரான், நைட்ரஜனுக்கு ஏழு. எக்ஸ் கதிருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இமிடசோல் வளையத்தை மென்பொருள் திருப்பிப் போட்டுவிட்டால், நைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்தில் கார்பன் நிற்கும். அதிர்வைக் காட்டும் அந்த முட்டை வடிவங்களைப் பாருங்கள். கார்பன் என்று பெயரிட்ட அணு அக்கம்பக்கத்தைவிடச் சுருங்கி இருந்தால் அங்கே எலக்ட்ரான் அதிகம் தேவைப்படுகிறது, அது நைட்ரஜனாக இருக்கலாம். நைட்ரஜன் என்று பெயரிட்டது ஊதிப்போயிருந்தால் மறுதலை. ஹைட்ரஜன் பிணைப்பும் துப்பு தரும்: குளோரைடை நோக்கிக் கை நீட்டும் அணு கார்பனாக இருக்க வாய்ப்பு குறைவு. கோபால்ட், நிக்கல், காப்பர், ஜிங்க் ஒவ்வொன்றும் ஒரே ஓர் எலக்ட்ரான் வித்தியாசம். எந்த உலோகத்தைப் போட்டீர்கள் என்று கருவிக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். குப்பியில் பெயர் எழுதச் சொன்னது இதற்கும்தான்.

பிறகு பிணைப்பு நீளங்கள். நம் பச்சைப் படிகத்தில் காப்பருக்கும் நைட்ரஜனுக்கும் இடையே சுமார் 2.0 ஆங்ஸ்ட்ராம், குளோரினுக்குச் சுமார் 2.3. இரண்டு நைட்ரஜனும் காப்பரில் அமைக்கும் கோணம் 90 இல்லை, 80-ஐ ஒட்டி இருக்கும். ஐந்து உறுப்புக் கொடுக்கு வளையம் அதற்கு மேல் விரியாது. இதோடு நிறுத்தினால் தட்டையான ஒரு சதுரம்தான் தெரியும். பக்கத்து மூலக்கூறுகளையும் வரையச் சொல்லுங்கள். மேலேயும் கீழேயும் அடுத்தவரின் குளோரைடு ஒவ்வொன்று சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் எட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும். காப்பர்(II) எண்முகியாக நிற்கும்போது இரண்டு கைகளை இப்படி நீட்டுவது ஜான்-டெல்லர் விளைவு. அதுவரை தனி மூலக்கூறு என்று நினைத்தது ஒரு நீண்ட சங்கிலி. முதல் நாள் எத்தனாலில் தூள் ஏன் அவ்வளவு அவசரமாக விழுந்தது என்பதற்கான பதிலின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. பைபிரிடின் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கின்றனவா என்றும் அளந்து பாருங்கள், தளங்களுக்கு இடையே 3.4 முதல் 3.8 ஆங்ஸ்ட்ராம் என்றால் அடுக்கு என்று சொல்லலாம்.

மின்சுமைக் கணக்கு நிகர வேண்டும். நிகரவில்லை என்றால் ஒரு புரோட்டானைத் தொலைத்திருக்கிறீர்கள், அல்லது நீர் என்று நினைத்தது ஹைட்ராக்சைடு. கடைசியாக அமைப்புக் கோப்பைச் செக்சிஃப் என்ற தானியங்கிப் பிழைச் சோதனைக்குப் போடுங்கள். மிகக் கடுமையான ஏ வகை எச்சரிக்கை வந்தால் விளக்கம் எழுதுவதற்கு முன் தப்பு நம்முடையதா என்று பாருங்கள், பெரும்பாலும் நம்முடையதுதான்.

அந்தப் பச்சைத் தூள்

இதுவரை அளந்தது குழாயில் இருந்த ஒரே ஒரு படிகம். மீதி எல்லாமும் அதுதானா? அமைப்பிலிருந்து தூள் விளிம்புவிளைவு வடிவத்தை (தூளில் பட்ட எக்ஸ் கதிர் எந்தெந்தக் கோணத்தில் சிகரம் தரும் என்பதை) மென்பொருளே கணக்கிட்டுத் தரும். குழாயில் மிச்சமிருக்கும் படிகங்களை அரைத்து அளந்து ஒப்பிடுங்கள். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் சதவீதங்கள் கணக்கிட்டதிலிருந்து 0.4-க்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அகச்சிவப்பு நிறமாலையும் எடுங்கள். தனி ஈனியில் 1580 செ.மீ⁻¹ பக்கத்தில் இருக்கும் வளைய அதிர்வு, பிணைந்ததும் 1600-க்கு அருகே நகர்ந்திருக்கும்.

அப்புறம் முதல் நாள் எடுத்துவைத்த குப்பியைத் திறந்து அந்தத் தூளையும் அதே கருவியில் வையுங்கள். படிகத்தை 100 கெல்வினில் அளந்திருந்தால் கூடு கொஞ்சம் சுருங்கியிருக்கும், அதனால் அறைவெப்பத் தூளின் சிகரங்கள் சற்றே தாழ்ந்த கோணத்துக்கு நகர்ந்து தெரியும். அந்த நகர்வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிகரங்களின் வரிசை ஒத்துப்போனால், அன்றைக்கு எத்தனாலில் சில நொடியில் விழுந்ததும் இதே சேர்மம்தான். ஒரு சிகரம் கூடுதலாக இருந்தால் அந்தக் குப்பியில் இன்னொரு சேர்மமும் இருக்கிறது, அதற்கும் ஒரு குழாய் வைக்க வேண்டும்.